பிரட்னிசலோன் மாத்திரை: பெயர் தெரிந்து சாப்பிட்ட 14 மாதம்

முதலில் மதிப்பெண்: 5க்கு 4. அந்த ஒன்றை ஏன் குறைத்தேன் என்று சொல்வதற்குள் இது நீளமாகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். மாத்திரைக்கெல்லாம் ரிவ்யூ எழுதுவாங்களா என்று வீட்டில் கேட்டார்கள். மிக்சிக்கும் குக்கருக்கும் பக்கம் பக்கமாக எழுதுகிறோம், தினமும் காலையில் நாக்கில் வைத்து விழுங்குகிற பொருளைப் பற்றி எழுதினால் என்ன? அதோடு எனக்கு வேறு ஒரு காரணமும் இருக்கிறது. பிரட்னிசலோன் ஒரு ஸ்டீராய்டு, முடக்குவாதத்துக்காக (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு நோய்) எனக்குத் தருகிறார்கள். இந்த ஸ்டீராய்டு வகை மருந்தை, அது என்னவென்றே தெரியாமல், 9 மாதம் பொட்டலத்தில் வாங்கிச் சாப்பிட்டு ஆஸ்பத்திரியில் போய் விழுந்தவள் நான். அப்புறம் பெயர் தெரிந்து, அளவு தெரிந்து, 14 மாதமாகச் சாப்பிட்டு வருகிறேன். இரண்டையும் என் உடம்பு பார்த்துவிட்டது.

எங்களுக்குக் கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளை. பூ கட்டுவதுதான் குடும்பத் தொழில், கல்யாணமும் உள்ளூரிலேயே ஆனதால் இன்றைக்கும் அம்மா, மைனி, நான் மூன்று பேரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து கட்டுகிறோம். வெளிச்சம் வருவதற்கு முன்னால் சந்தைக்குப் போய் பிச்சியும் அரளியும் எடுத்து வந்துவிட வேண்டும். பூ கட்டுகிறவளுக்கு விரல்தான் எல்லாம். நாரை ஒரு சுற்று சுற்றி இழுத்து முடிச்சுப் போடுகிற அந்த இழுப்பு கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் இருக்கிறது. கல்யாணமான மறு வருடம் அந்த விரல்களின் அடிமூட்டு வீங்க ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் கை மூடாது, வெந்நீரில் முக்கி வைத்து ஒரு மணி நேரம், சில நாள் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் மெதுவாக மடங்கும். பத்து மணிக்கு மேல் ஒன்றும் நடக்காத மாதிரி ஆகிவிடும், அதனால் வீட்டில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அப்புறம் பிள்ளை உண்டானேன். நாலாம் மாதத்திலிருந்து வலி போன இடம் தெரியவில்லை. அந்த வருட ஓணத்துக்கு எட்டு மாத வயிற்றோடு ராத்திரி முழுக்க உட்கார்ந்து கட்டினேன் (ஓணம் வந்தால் எங்கள் ஊர் பூ முழுக்க கேரளாவுக்குப் போகும், தூங்க முடியாது), கை நோகவே இல்லை. பிள்ளை வந்த ராசி என்று அம்மா சொன்னாள். பிரசவம் முடிந்து மூன்றாம் மாதம் வலி திரும்பி வந்தது, முன்னைவிடப் பல மடங்காக. விரல், மணிக்கட்டு, முட்டு, பாதம் எல்லாம். பிள்ளையைத் தொட்டிலில் இருந்து தூக்க முடியாமல் அம்மாவைக் கூப்பிடுவேன். பிரசவ வாயு என்றார்கள், பச்சைத் தண்ணீர் பட்டுவிட்டது என்றார்கள், எண்ணெய் தேய்த்தோம், வலி மாத்திரை வாங்கினோம், ஒன்றரை வருடத்துக்கு மேல் இப்படியே ஓடிவிட்டது.

பிள்ளைக்கு இரண்டு வயது ஆகும்போது ஒருவர் சொல்லி ஒரு இடத்துக்குப் போனோம். அதன் பெயரும் ஊரும் வேண்டாம். மூட்டுவலிக்காரர்கள் கூட்டம் திண்ணை தாண்டி நின்றது. காகிதத்தில் மடித்த சாம்பல் நிறப் பொடி, கூடவே சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகள். அட்டையில் இல்லை, ஒரு கவரில் கொட்டித் தந்தார்கள். என்ன மருந்து என்று கேட்டேன். "மூலிகைதான் மக்ளே, பயப்படாதே" என்றார்கள். மூன்றாம் நாள் காலையில் எழுந்தபோது கை மூடியது. மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்து அழுதேன். அந்தச் சந்தோஷத்தை நான் மறுக்கவே மாட்டேன், அதனால்தான் இத்தனை பேர் அங்கே போகிறார்கள் என்று எனக்குப் புரிகிறது.

அடுத்தடுத்த மாதங்களில் பசி தாங்க முடியவில்லை. மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் ஒரு ஆளுக்கு இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுவேன். முகம் உருண்டது, கன்னம் உப்பியது, வயிற்றில் ஊதா நிறத்தில் கோடுகள் வந்தன, லேசாக எங்காவது இடித்தாலே தோலில் நீலம் கட்டும். நல்லா தேறிட்டா என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். ஒன்பதாம் மாதம் அந்த இடத்தில் ஏதோ காரணத்தால் கொஞ்ச நாள் திறக்கவில்லை. கையில் இருந்த பொட்டலம் தீர்ந்து நாலாம் நாள் வாந்தி, எழுந்தால் கண் இருட்டும், உடம்பில் ஒரு சொட்டுத் தெம்பு இல்லை. அடுக்களையில் மயங்கி விழுந்தேன். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு போனபோது ரத்த அழுத்தம் 80க்கு வந்திருந்தது. டிரிப் ஏற்றி ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டார்கள், சாயங்காலமே எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தேன். ஊசிக்கு முன்னால் எடுத்த ரத்தத்தில் கார்டிசால் (உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டு) அளவு மிக மிகக் குறைவு. வெளியில் இருந்து ஸ்டீராய்டு போயிருக்கிறது, அதனால் கார்டிசாலைச் சுரக்கும் உங்கள் சுரப்பி தூங்கிவிட்டது என்றார் டாக்டரம்மா. அப்புறம்தான் முடக்குவாதத்துக்கான சோதனைகள், அதன் முடிவு, பிறகு பிரட்னிசலோன் சீட்டு.

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் நான் வேண்டாம் என்று அழுதேன். அப்போது அவர் கட்டிலில் உட்கார்ந்து சொன்னவற்றையும் அதன்பின் நான் தேடிப் படித்தவற்றையும் சேர்த்து எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பொருளை எதற்காகச் சாப்பிடுகிறோம் என்று தெரியாமல் இதற்கு மதிப்பெண் போட முடியாது.

சிறுநீரகத்தின் தலையில் குல்லா மாதிரி ஒரு சின்ன சுரப்பி இருக்கிறது, அட்ரினல். அதன் வெளிப்பகுதி சுரக்கிற ஹார்மோன்தான் கார்டிசால், ஒரு நாளைக்குச் சுமார் 10 மில்லிகிராம். மனக்கவலை வந்தால் சுரக்கும் ஹார்மோன் என்று மட்டும்தான் பலருக்கு இதைத் தெரியும். ஆனால் வீக்கத்தை அடக்குவதும் இதன் வேலைதான். ரோஜா கட்டும்போது விரலில் முள் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே காவல் நிற்கும் வெள்ளை அணுக்கள் சைட்டோகைன் என்ற ரசாயனங்களை வெளியே விடும். எங்கள் சந்தையில் ஒருவர் விலையைக் கூவினால் பத்துப் பேர் ஓடி வந்து அவர்களும் கூவ ஆரம்பிப்பது மாதிரி, அந்தக் கூவலைக் கேட்டு இன்னும் வெள்ளை அணுக்கள் வரும், ரத்தக்குழாய் விரியும், நீர் கசியும், சிவந்து வீங்கி வலிக்கும். கிருமியைத் தீர்க்க அது தேவை. தீர்த்த பிறகும் கூவல் நிற்காவிட்டால் நம் சதையையே அது அரித்துவிடும். அதை நிறுத்தும் பிரேக்குகளில் முக்கியமானது கார்டிசால்.

அது எப்படி நிறுத்துகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கார்டிசால் கொழுப்பில் கரையும் ஜாதி, அதனால் செல்லின் சவ்வை எளிதாகக் கடந்து உள்ளே போய்விடும். உள்ளே அதைப் பிடித்துக்கொள்வதற்கென்றே ஏற்பி என்ற ஒரு புரதம் காத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து செல்லின் கருவுக்குள் போகும். அங்கே டிஎன்எஃப், இன்டர்லூகின்-6 போன்ற சைட்டோகைன்களைத் தயாரிக்கச் சொல்லி உத்தரவு போடும் ஒரு புரதம் உண்டு, பெயர் என்எஃப்-கப்பா-பி. கார்டிசாலோடு வந்த ஏற்பி அதன் வேலையைத் தடுத்துவிடும், கூவல் தயாராகும் இடத்திலேயே குறைந்துவிடும். இன்னொரு பக்கம் அனெக்சின் என்ற புரதத்தைக் கூட்டும், அது வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின்களுக்கு மூலப்பொருள் கிடைக்காமல் செய்யும். வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல்கள் பெருகுவது குறையும், அவற்றில் கொஞ்சம் செத்தும் போகும். ரத்தக்குழாயின் உள்சுவரில் வெள்ளை அணுக்கள் ஒட்டிக்கொண்டு வெளியேறுவதும் குறையும். மரபணு வரைக்கும் போய் நடக்கிற வேலை என்பதால் இதன் முழுப் பலன் தெரியப் பல மணி நேரம் ஆகும், வலி மாத்திரை மாதிரி அரை மணியில் எதிர்பார்த்து ஏமாறாதீர்கள்.

முடக்குவாதத்தில் மூட்டின் உள்சவ்வையே எதிரி என்று நினைத்து இந்த அணுக்கள் தாக்குகின்றன. என் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் எதிர்ப்பு சக்தி கூட்ட கஷாயம் குடி என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், அன்பாகத்தான் சொன்னார்கள். எனக்கோ அந்தச் சக்திதான் இடம் மாறித் திரும்பியிருந்தது.

காலை விறைப்புக்கும் இதில் பதில் இருக்கிறது. இன்டர்லூகின்-6 போன்றவை பின்னிரவில் ஏறும், கார்டிசால் நடுராத்திரி வாக்கில் மிகவும் தாழ்ந்திருந்து விடியற்காலை நோக்கி ஏறும். முடக்குவாதக்காரர்களுக்கு அந்த விடியற்கால ஏற்றம் வீக்கத்தின் அளவுக்குப் போதவில்லை. நான் சந்தைக்குக் கிளம்புகிற நேரம்தான் என் மூட்டுகளுக்கு மிக மோசமான நேரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை வருடம் இவளுக்குச் சோம்பல் என்று பேச்சு வாங்கியிருக்கிறேன்.

பிள்ளை வந்த ராசிக்கும் பதில் இருக்கிறது. கருவில் இருக்கும் பிள்ளை பாதி அப்பாவுடையது, தாயின் உடம்பு அதை அந்நியம் என்று தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்பு மண்டலம் பல வழியில் தணிய வேண்டியிருக்கிறது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏறுகின்றன, கார்டிசாலும் மாதம் ஏற ஏற இரண்டு மூன்று மடங்கு ஆகிறது. முடக்குவாதம் உள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பத்தில் வலி குறைகிறது, பிரசவத்துக்குப் பின் பலருக்குத் திரும்புகிறது. இந்த மருந்து பிறந்ததே இந்த மாதிரிக் கவனிப்பில்தான். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் இருந்த ஃபிலிப் ஹென்ச் என்ற டாக்டர், 1929இல் மஞ்சள்காமாலை வந்த ஒரு நோயாளிக்கு மூட்டுவலி குறைந்ததைப் பார்த்தார், கர்ப்பிணிகளுக்கும் அப்படி நடப்பதைப் பார்த்தார். உடம்புக்குள்ளேயே ஏதோ ஒரு பொருள் இதைச் செய்கிறது என்று பல வருடம் தேடினார். அதே இடத்தில் எட்வர்ட் கெண்டல் அட்ரினல் சுரப்பியில் இருந்து ஹார்மோன்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். 1948 செப்டம்பரில், நடக்கவே சிரமப்பட்ட 29 வயதுப் பெண் ஒருவருக்கு, அந்த ஹார்மோன்களில் ஒன்றான, உடம்புக்குள் கார்டிசாலாக மாறும் கார்ட்டிசோனை முதன்முதலாக ஊசியில் போட்டார்கள், சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச், கெண்டல், இதே ஹார்மோன்களைச் சுவிட்சர்லாந்தில் ஆராய்ந்த ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. அந்தப் பெண் எழுந்து நடந்ததைப் படித்தபோது எனக்குக் கை மூடிய அந்த மூன்றாம் நாள் காலைதான் ஞாபகம் வந்தது. அதிக அளவில் போட்டால் முகம் உப்பும், நிறுத்தினால் வலி திரும்பும் என்பதையும் அவர்கள் சீக்கிரமே பார்த்துவிட்டார்கள். அப்படியிருந்தும் எங்கள் பக்கம் அளவு சொல்லாமல் பொட்டலம் மடிக்கிறார்கள், எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

சரி, பொருளுக்கு வருகிறேன். பிரட்னிசலோன் 1950களின் நடுவில் வந்தது, கார்டிசாலைக் கொஞ்சம் மாற்றிச் செய்தது, வீக்கம் அடக்குவதில் சுமார் நாலு மடங்கு வலு. 5 மில்லிகிராம் பிரட்னிசலோன் 20 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோனுக்கு (கார்டிசாலையே மருந்தாகத் தரும்போது அதன் பெயர்) சமம். எனக்கு 15இல் ஆரம்பித்தார்கள், அதாவது உடம்பு தானாக ஒரு நாளில் சுரப்பதைப் போல ஐந்தாறு மடங்கு. இந்தக் கணக்கைக் கேட்டபோது பயமாக இருந்தது, ஆனால் கணக்கு என்று ஒன்று இருந்ததே ஒரு நிம்மதி.

விலை மிகக் குறைவு, ஒரு அட்டை வாங்கும் காசு டீயும் வடையும் சாப்பிடும் காசுக்குள் அடங்கிவிடும். ஆசாரிப்பள்ளத்தில் சீட்டுக்கு இலவசமாகவே தருகிறார்கள், விடுமுறை நாளில் தீர்ந்தால்தான் வெளியில் வாங்குவேன். கசப்பு கடுமை. நாக்கில் ஒரு நொடி தங்கினால் போதும், அரை மணி நேரம் போகாது. நான் மட்டிப்பழத்தில் ஒரு வாய் கடித்து அதோடு விழுங்குகிறேன். பாதியாக வெட்டச் சொன்னால் நடுக்கோடு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள், கோடு இல்லாதது விரலில் பொடிந்துவிடும், அதுவும் வீங்கின விரலில். அட்டையைப் பாதிப் பாதியாக வெட்டித் தரும்போது பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் பக்கம் கடையிலேயே தங்கிவிடுகிறது. எனக்கு முழு அட்டைதான் வேண்டும் அண்ணாச்சி என்று கேட்டு வாங்குகிறேன்.

வேலை செய்யும் விதத்துக்கு முழு மதிப்பெண். இரண்டாம் நாளே காலை விறைப்பு அரை மணியாகக் குறைந்தது, ஒரு வாரத்தில் கால் மணி. இதோடு வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் மெத்தோட்ரெக்சேட் தருகிறார்கள், நோயை நீண்ட காலம் அடக்கி வைப்பது அதுதான், ஆனால் அது பிடிக்க ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், அதுவரை பிரட்னிசலோன் தாங்கிப் பிடிக்கிறது. (மெத்தோட்ரெக்சேட்டைத் தவறியும் தினமும் போடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து. கர்ப்பத்துக்கும் ஆகாது, அதைப் பற்றி டாக்டரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.) சாதாரணமாக பிரட்னிசலோனைச் சில மாதத்தில் நிறுத்திவிடுவார்களாம். எனக்கு 14 மாதம் ஓடுவது பொட்டலத்தால் தூங்கிப்போன சுரப்பிக்காக.

நேரம் முக்கியம். காலையில், சாப்பிட்ட பிறகு, உடம்பின் சொந்தக் கார்டிசால் ஏறும் நேரத்தை ஒட்டி. ஒரு நாள் மறந்துபோய் மாலை ஆறு மணிக்குப் போட்டேன், விடிய விடிய கண் கொட்டவில்லை, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று தகரத்தை ஆட்டுகிற சத்தத்தை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். பசி இப்போதும் உண்டு, பொட்டல காலத்து அளவுக்கு இல்லை. கருவாட்டையும் ஊறுகாயையும் விட்டது எனக்குக் கஷ்டம்தான், உப்பு சேர்ந்தால் கால் வீங்குகிறது, ரத்த அழுத்தமும் ஏறுகிறது. சர்க்கரையைச் சாப்பாட்டுக்குப் பின் பார்க்கச் சொன்னார்கள், ஏனென்றால் காலையில் போட்ட மாத்திரை மத்தியானத்துக்கு மேல்தான் சர்க்கரையை ஏற்றும், வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடுவோம். எலும்புக்குக் கால்சியமும் வைட்டமின் டியும்.

மூன்றாம் வாரம் ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் 14,000 என்று வந்தது. அடக்குகிற மருந்துதானே, குறைய வேண்டியது ஏன் கூடியது, உள்ளே கிருமி ஏதும் இருக்கிறதோ என்று வீடே பயந்தது. குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்தவை ஒட்டும் பிடி விட்டு ரத்தத்தில் வந்துவிட்டன, அதனால் எண்ணும்போது கூடத் தெரிகிறது, காய்ச்சல் இல்லாவிட்டால் பயப்படாதே என்றார் டாக்டரம்மா. அணுக்கள் ரத்தத்தில் நிறைய, போக வேண்டிய இடத்துக்குப் போவதோ குறைவு. அதனால்தான் ஆரம்பத்திலேயே நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, சளி, காசநோய் எல்லாம் கேட்டார்கள். உள்ளே அடங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமிகளும் இந்த மருந்தால் தலைதூக்கலாம். பொட்டலம் தந்த இடத்தில் என்னிடம் ஒருவரும் இருமல் உண்டா என்றுகூடக் கேட்கவில்லை.

மதிப்பெண் குறைத்தது இதற்காக: விடுவது கஷ்டம். வெளியில் இருந்து ஹார்மோன் வந்துகொண்டே இருந்தால் மூளையில் உள்ள ஹைப்போதலாமசும் பிட்யூட்டரியும் போதும் என்று நினைத்து அட்ரினலுக்கு உத்தரவு அனுப்புவதை நிறுத்திவிடும், சுரப்பி சுருங்கிவிடும். மூன்று வாரத்துக்கு மேல் போட்டவர்கள் சட்டென்று நிறுத்தக் கூடாது. 15இல் இருந்து 10, அப்புறம் 7.5, அப்புறம் 5, ஒவ்வொரு படியிலும் உடம்பு இரண்டு வாரம் சண்டை போடும், தொடை கனக்கும், நோய் திரும்பிவிட்டதோ என்று தோன்றும். 7.5க்கு இறங்கினபோது ஒரு நாள் பூக்கூடையை இடுப்பில் வைக்க முடியாமல் சந்தையிலேயே உட்கார்ந்துவிட்டேன். காய்ச்சல் வந்தால் சொந்தச் சுரப்பி அவசரத்துக்குக் கூடுதலாகச் சுரக்க முடியாது, அதனால் அந்த நாட்களில் அளவை எவ்வளவு கூட்ட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதித் தந்திருக்கிறார்கள். வாந்தி எடுத்து மாத்திரை நிற்காவிட்டால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி. பர்சில் ஒரு அட்டை வைத்திருக்கிறேன், நான் ஸ்டீராய்டு சாப்பிடுகிறேன், என்னை மயங்கின நிலையில் பார்த்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் போடுங்கள் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி. மைனிக்கும் என் வீட்டுக்காரருக்கும் அதைக் காட்டி வைத்திருக்கிறேன்.

யாருக்கு வாங்கலாம் என்று ரிவ்யூவில் எழுதுவார்கள். சீட்டு இல்லாமல் யாருக்கும் வேண்டாம். பக்கத்து வீட்டு அத்தை என் மாத்திரையில் நாலு கேட்டாள், முட்டுவலிக்கு. அவளுக்கு இருப்பது தேய்மானம், சர்க்கரை வேறு இருக்கிறது. நான் தரவில்லை, இரண்டு நாள் பேசாமல் இருந்தாள், மூன்றாம் நாள் அவளை ஆசாரிப்பள்ளம் ஓபிக்குக் கூட்டிப்போனேன்.

இப்போது 5இல் நிற்கிறேன். வரும் செவ்வாய்க்கிழமை மாத்திரை போடாமல் காலை எட்டு மணிக்கு ரத்தம் கொடுக்க வேண்டும், சொந்தக் கார்டிசால் எவ்வளவு எழுந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். போதுமான அளவு இருந்தால் ஒரு நாள் 5, மறுநாள் 2.5 என்று இறக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் இன்னும் மூன்று மாதம் இதே அளவு. முடிவு வந்ததும் இதன் கீழேயே எழுதுகிறேன்.